காணி உறுதி யாரிடம் இருக்கிறது? புலம்பெயர் அரசியலும் போருக்குப் பிந்தைய மீட்சியும்

2025 மார்ச்சில் பிரித்தானிய அரசு இலங்கையின் முன்னாள் படைத் தளபதிகளான சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய மூவர் மீதும், கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் மீதும் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. 2023 ஜனவரியில் கனடா, கோட்டாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச உள்ளிட்ட நால்வர் மீது இதே போன்ற தடைகளை ஏற்கெனவே விதித்திருந்தது. 2025 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, இலங்கைப் போர்க்குற்றங்கள் குறித்த சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை மேலும் ஈராண்டுகளுக்கு நீட்டித்தது. இவை எவையும் தாமாக நிகழ்ந்தவை அல்ல. லண்டனிலும் டொரொன்டோவிலும் ஜெனீவாவிலும் புலம்பெயர் தமிழர் பதினாறு ஆண்டுகளாக மேற்கொண்ட இடையறாத பணி இம்முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதே காலத்தில் இந்திய அரசு 2014, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் அப்பேரவையின் வாக்கெடுப்புகளில் எப்பக்கமும் சேராது ஒதுங்கி நின்றது என்பதை நினைத்துப் பார்த்தால், நாடற்ற ஒரு மக்கள் கூட்டம் உலக அரசுகளை இவ்வளவு தூரம் நகர்த்தியிருப்பது எளிய செயல் அன்று என்பது விளங்கும்.

ஆனால் ஒரு போருக்குப் பின் இரண்டு வேலைகள் இருக்கின்றன. குற்றவாளியைப் பொறுப்பேற்க வைப்பது ஒன்று. அழிந்த வாழ்வை மீட்டெடுப்பது மற்றொன்று. முதல் வேலையில் பாதிக்கப்பட்ட இனம் முழுவதற்கும் ஒரே குரல் இருக்க முடியும். இரண்டாவது வேலையில் அது முடியாது. மீட்சி என்பது நிலமாகவும் வீடாகவும் குடியுரிமையாகவும் கைக்கு வந்து சேர வேண்டிய ஒன்று. போருக்கு முன்பே இவை யாரிடம் இருந்தன, யாரிடம் இல்லை என்பதைப் பொறுத்தே அது பங்கிடப்படுகிறது. சாதியச் சமூகம் ஒன்றில் இதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. புலம்பெயர் அரசியல் இந்த இரண்டாவது வேலையில் யாருக்காகப் பேசுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சிரியா தரும் பாடம்

இக்கேள்வி தமிழருக்கு மட்டும் உரியதன்று. 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி வீழ்ந்தது முதல் சிரியாவின் புலம்பெயர் அமைப்புகள் இதே இடத்தில் வந்து நிற்கின்றன. அசாத்தின் சிறைகளில் கொல்லப்பட்டோரின் ஆயிரக்கணக்கான படங்களை வெளியே கொண்டுவந்த ராணுவப் புகைப்படக்காரர் 'சீசர்' என்ற மறைபெயரால் அறியப்பட்டார். அப்பெயரிலேயே 2019 டிசம்பரில் அமெரிக்கா ஒரு தடைச் சட்டம் இயற்றியது. அதற்காக வாஷிங்டனில் பாடுபட்டவர்கள் சிரிய அமெரிக்கர்கள். அசாத் போன பின், நாட்டின் மறுகட்டுமானத்துக்கு அச்சட்டமே தடையாக நின்றபோது அதை நீக்கக் கோரி வாதாடியவர்களும் அவர்களே. 2025 டிசம்பரில் அச்சட்டம் நீக்கப்பட்டது. தடை விதிக்கவும் தடை நீக்கவும் ஒரு புலம்பெயர் சமூகத்தால் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சிரியரிடமிருந்து கற்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரிய உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவ்வழக்கில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள் சாட்சிகளாக மட்டுமின்றி, வழக்கின் இணைத் தரப்பினராகவும் நீதிமன்றத்தில் அமர்ந்தார்கள். காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் தாங்களே சங்கங்களாகத் திரண்டு வாதாடியதன் விளைவாக, 2023 ஜூனில் ஐ.நா. பொதுச்சபை சிரியாவில் காணாமற்போனோருக்கென ஒரு தனி நிறுவனத்தை உருவாக்கியது. பாதிக்கப்பட்டவர் பற்றி மற்றவர் பேசுவதற்கும் பாதிக்கப்பட்டவரே தரப்பினராக நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் பயின்றோர் நன்கறிவர்.

ஆனால் நிலம் என்று வரும்போது சிரியாவிலும் கதை மாறுகிறது. 2018 ஏப்ரலில் அசாத் அரசு கொண்டுவந்த 10ஆம் எண் சட்டம், மறுகட்டுமான மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சொத்துரிமையை நிரூபிக்க உரிமையாளருக்கு முதலில் 30 நாள் மட்டுமே அவகாசம் தந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பின்னரே அது ஓராண்டாக்கப்பட்டது. அகதியாக ஓடியவரிடம் பத்திரம் எங்கே இருக்கும்? பெருநகரங்களின் ஓரத்தில் பதிவு பெறாத குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளிடம் பத்திரம் என்றைக்கு இருந்தது? போர் அனைவரின் வீட்டையும் இடிக்கும். பத்திரம் உள்ளவரின் வீடு மட்டுமே மீண்டும் எழும் என்பது சிரியாவுக்கு மட்டும் பொருந்தும் நிலைமை அன்று.

உறுதி இல்லாதவர்கள்

நாம் பத்திரம் என்பதை யாழ்ப்பாணத்தில் 'உறுதி' என்பார்கள். வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்காக மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தும் யாழ்ப்பாண முகாம்களில் தங்கிவிட்டவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். இதற்குக் காரணம் எளிது. ராணுவம் காணியை விடுவிக்கும்போது அது காணியின் உரிமையாளரிடம் திரும்புகிறது. பிறர் காணியில், அவர் தோட்டத்துக்கு உழைத்துக்கொண்டு, அவர் அனுமதித்த மூலையில் குடிசை போட்டிருந்தவருக்கு விடுவிக்கப்பட எதுவுமே இல்லை. 'மீள்குடியேற்றம்' என்ற சொல்லே ஏற்கெனவே குடியுரிமைப்பட்ட இடம் ஒன்று இருந்தவரை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது.

இந்திய அரசு இலங்கையில் 50,000 வீடுகள் கட்டித்தந்தது. வடக்கு கிழக்கில் 46,000, மலையகத்தில் 4,000. வடக்கு கிழக்கில் பயனாளியே தன் காணியில் வீட்டைக் கட்டிக்கொள்ள, பணம் தவணைகளாக அவருடைய வங்கிக் கணக்கில் சேரும் முறை பின்பற்றப்பட்டது. இடைத்தரகரைத் தவிர்க்கும் நல்ல முறைதான். ஆயினும் 'தன் காணியில்' என்ற இரு சொற்களுக்குள் ஒரு சாதி வரலாறு அடங்கியிருக்கிறது. காணி இல்லாதவர் அத்திட்டத்தின் வாசலுக்கே வர முடியாது. காணிக்கு அரசை நாட வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த தனியார் பணமும் இவ்வழியிலேயே ஓடியது. தம் வீட்டையும் தம் ஊரையும் தம் கோயிலையும் மீட்டெடுக்க விரும்புவது மனித இயல்பு. அதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால் ஊர்கள் சாதியால் பிரிந்திருக்கையில், ஊருக்கு வரும் பணமும் சாதிவழியே பிரியும். வெளிநாட்டிலிருந்து அனுப்பவும் ஆள் இல்லாத, எழுப்பவும் காணி இல்லாத குடியிருப்புகள் அப்படியே கிடக்கின்றன. 2018 ஜூனில் தென்மராட்சியின் வரணியில் ஒரு கண்ணகை அம்மன் கோயில் தேரை, ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காக, மண் அள்ளும் இயந்திரத்தைக் கட்டி இழுத்தார்கள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடத்தைத் தொடும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் வழக்காடிய நமக்கு இச்செய்தி வியப்பளிக்காது. வியப்பு வேறொன்றில் இருக்கிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்பது ஆண்டுகளில், குண்டுகள் எச்சாதி என்று பாராமல் விழுந்த மண்ணில், இது நிகழ்ந்தது.

இது போர் உண்டாக்கிய நோய் அன்று, போருக்கு முந்தையது. 1957இலேயே இலங்கை நாடாளுமன்றம் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியிருந்தது. 1966இல் தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழைவுப் போராட்டங்களை நடத்தியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டோரைத் தடுத்து நின்றவர்களின் தலைவர் சி. சுந்தரலிங்கம்: கணித அறிஞர், முன்னாள் அமைச்சர், தனித் தமிழ் நாடு என்ற கோரிக்கையை மிக முன்னதாக எழுப்பியவர்களுள் ஒருவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் மீது தொடுக்கப்பட்ட வழக்கை அவர் லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுசென்றார். தேச விடுதலையைப் பேசிய நாவே கோயில் கதவை அடைத்து வைக்கவும் வாதாடியது என்பதை மறக்காமல் இருப்பது இன்றைய அரசியலுக்கு நல்லது.

1891இல் செங்கல்பட்டு

இவ்வாதம் காஞ்சிபுரத்திலிருந்து எழுதப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1891இல் அம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர், பறையர் நிலை குறித்துச் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். வறுமைக்கு அவர் கண்ட முதற்காரணம் நிலமின்மை. மிராசுதார்கள் விளைநிலத்தின் மீது மட்டுமல்ல, சேரியின் வீட்டு மனைகள் மீதும் உரிமை கொண்டாடினர். எதிர்த்துப் பேசும் உழைப்பாளியை அவன் குடிசையிலிருந்தே வெளியேற்ற அவர்களால் முடிந்தது. குடியிருக்கும் மண் தனதாக இல்லாதவன் கூலியைப் பேரம் பேச முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது, சாட்சி சொல்லவும் முடியாது. அவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்ததே பஞ்சமி நில ஒதுக்கீடு. அந்நிலங்கள் பின்னர் கைமாறிய வரலாறும், அவற்றை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானதும் இம்மண்ணின் நினைவில் இருக்கின்றன.

இவ்வரலாற்றை அறிந்தவருக்கு வலிகாமத்தின் முகாமும் மலையகத்தின் லயமும் அந்நியமானவை அல்ல. நிவாரணமும் நீதியும் ஒருவர் காலுக்குக் கீழுள்ள மண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தலித் இயக்கம் இங்கே நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறது. புலம்பெயர் அரசியலிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே.

இரு நாடுகளும் கைவிட்டவர்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்றவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டின் தலித் மக்களும் ஏனைய ஒடுக்கப்பட்ட சாதியினரும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. அம்மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி வன்னிக்குப் போய்க் காடு திருத்தியவர்களும் இவர்களுள் உண்டு. இறுதிப் போரின் குண்டுகள் அங்கே அவர்களையும் தேடி வந்தன. நினைவேந்தல் மேடைகளில் அவர்கள் 'தமிழர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஆனால் காணி கேட்கும்போது மட்டும் 'மலையகத்தான்' எனத் தனியே பிரித்து நிறுத்தப்படுகிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. இருநூறு ஆண்டுகளாக வாழ்ந்த லயத்தின் மண் தோட்ட நிர்வாகத்துக்கோ அரசுக்கோ உரியதாக இருக்கையில், அம்மண் சரிந்து போனால் அங்கு வாழ்ந்தவர் எதை இழந்தவராகக் கணக்கிடப்படுவார்? ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதிக்குப் பத்தாண்டு வயதாகிவிட்டது. வீட்டுக்கு நிதி தர இந்தியா இருக்கிறது. வீட்டை நிறுத்தும் மண்ணுக்கு உறுதி தர எவருமில்லை.

கடல் கடந்து இங்கு வந்தோரின் நிலையும் வேறன்று. கனடாவுக்கோ பிரான்சுக்கோ போகப் பணம் வேண்டும்; இராமேசுவரத்துக்குப் படகேறியவர்களுள் பெரும்பாலோர் அப்பணம் இல்லாதவர்கள். 1991இல் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின், அக்கொலையோடு எத்தொடர்பும் இல்லாத முகாம் மக்கள் அனைவரும் காவல் கண்காணிப்புக்குள் வைக்கப்பட்டனர். 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்து, 7,469 புதிய வீடுகளைக் கட்டத் தொடங்கியது. வரவேற்கத்தக்கது. ஆயினும் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், 'சட்டவிரோதக் குடியேறி' ஒருவரின் குழந்தை இம்மண்ணில் பிறந்தாலும் இந்தியக் குடிமகன் ஆகாது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளை மட்டும் பெயர் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனைகளிலிருந்து விலக்கு அளித்தது. இது சிறைக்கு அஞ்ச வேண்டாம் என்ற ஆறுதலே தவிர, உரிமை அன்று.

குடியுரிமை இல்லாமை தலித் அகதிக்கு இரட்டைச் சுமை. அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகள் எல்லா மனிதருக்கும் உரியவை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் குடிமகன் என்ற வரம்பு வைக்கவில்லை. ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் பிரிவும் அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் 16ஆம் பிரிவும் குடிமக்களுக்கே உரியவை. முகாமில் பிறந்து சட்டம் படித்து முடித்த ஒரு மாணவி, தன் தாத்தா தமிழ்நாட்டின் எந்தச் சேரியிலிருந்து தோட்டத்துக்குப் போனார் என்று ஊர்ப் பெயரோடு சொல்லலாம்; அந்த ஊரில் அவருடைய உறவினருக்கு உள்ள இடஒதுக்கீடு அவருக்கு இல்லை. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினரின் வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் அரசு அதைப் பரிசீலிக்கவும் வழி திறந்துவிட்டது. அவ்வழியில் பெருந்திரளாக நடக்க வைக்கும் அரசியல் அழுத்தம் இன்னும் உருவாகவில்லை.

ஒற்றுமை குலையுமா?

சாதியை இப்போது எழுப்பினால் தமிழர் ஒற்றுமை குலையும், சிங்களப் பேரினவாதம் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்ற மறுப்பு உடனே வரும். பயன்படுத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஒடுக்கப்பட்டோரின் குறையைக் காட்டி இனப்படுகொலைக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப எண்ணும் எந்த அரசுக்கும் தலித் அரசியல் சாட்சி சொல்லாது. செம்மணியில் 2025இல் தோண்டி எடுக்கப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளுக்கு நீதி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குறையை மறைப்பது அந்த ஆயுதத்தை எதிரியின் கையிலேயே விட்டுவைப்பதாகும். குறையை நாமே தீர்த்தால் அவ்வாயுதம் இல்லாமற்போகும்.

மேலும், அடித்தளம் இல்லாத ஒற்றுமை எவ்வளவு தாங்கும் என்பதை அண்மை நிகழ்வே காட்டியது. உலகத் தமிழர் பேரவையும் சில பௌத்த பிக்குகளும் 2023இல் உருவாக்கிய 'இமயமலைப் பிரகடனம்' அவ்வாண்டு டிசம்பரில் இலங்கைக் குடியரசுத் தலைவரிடம் அளிக்கப்பட்டது. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்து போராடும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அதை ஏற்க மறுத்தனர். தங்களைக் கேளாமல் தங்கள் பெயரில் பேசப்பட்டது என்பதே அவர்களின் குறை. பிரகடனத்தின் உள்ளடக்கம் சரியா தவறா என்பது வேறு விவாதம். யார் அமர்ந்து பேசினார்கள், யார் வெளியே இருந்தார்கள் என்பது முதல் விவாதம். அதை ஆலய நுழைவுக் காலம் முதல் நாம் நடத்தி வருகிறோம்.

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டுகளும் புலம்பெயர் சமூகத்துக்குள்ளேயே இருக்கின்றன. பிரான்சில் வாழும் ஈழத்துத் தலித் செயற்பாட்டாளர்கள் 2007இலேயே பாரிஸில் தலித் மாநாடு நடத்தினர். 2023 மார்ச்சில் டொரொன்டோ மாவட்டப் பள்ளி வாரியம் சாதிய ஒடுக்குமுறையை அங்கீகரித்த தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யாழினி ராஜகுலசிங்கம் என்ற தமிழ் உறுப்பினர். ஆனால் பிரித்தானியாவில் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் அரசுக்கு இட்ட கடமையை, 2018இல் அரசு கைவிட்டது. ஜெனீவாவில் தமிழருக்காகப் பேசும் வலிமை பெற்ற அமைப்புகள், தாம் வாழும் லண்டனில் அச்சட்டத்துக்காகவும் அதே வலிமையோடு பேசுமானால், அவற்றின் நீதிக் கோரிக்கைக்கு உலகில் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

நாம் கேட்க வேண்டியவை

2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அம்மாதமே சட்டமன்றம் ஈழத்தில் பொதுவாக்கெடுப்பு கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. வெளியுறவுக் கொள்கை டெல்லிக்கு மட்டும் உரியதன்று என்று இம்மாநிலம் காட்டிய தருணம் அது. எனினும் அன்றைய முழக்கங்களில் நம் மாவட்டங்களுக்குள்ளேயே இருந்த முகாம்களின் குடியுரிமை முன்வரிசைக்கு வரவில்லை. இன்றைய மாணவர்கள் அவ்வரிசையை மாற்றலாம்.

ஒன்று: இந்தியா இலங்கையில் செலவிடும் வீட்டு நிதி ஒவ்வொன்றிலும் நிலமற்றவருக்குக் காணி வழங்குவதை முன்நிபந்தனையாக்க வேண்டும், லயங்களில் வாழ்வோருக்குத் தனிப்பெயரில், பெண்களின் பெயரையும் சேர்த்து, உறுதி வழங்கப்பட வேண்டும். இரண்டு: 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து முகாம் மக்களை விலக்கி, இந்திய வம்சாவளியினரின் விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் ஏற்று அனுப்ப வேண்டும், இதில் சட்ட மாணவர்கள் முகாம்களுக்குச் சென்று ஆவணங்களைத் திரட்ட உதவ முடியும். தோட்டப் பதிவேட்டின் நகல், பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று ஆகியவையே அங்கு ஒருவரின் வரலாறு. மூன்று: புலம்பெயர் அமைப்புகள் மீட்சிக்கு அனுப்பும் பணமும் முன்வைக்கும் கோரிக்கையும் எந்தக் குடியிருப்புகளைச் சென்றடைகின்றன என்று வெளிப்படையாகக் கணக்குத் தர வேண்டும்; அக்கணக்கைச் சரிபார்க்கும் இடத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மலையகத் தமிழரும் உறுப்பினராக அமர வேண்டும்.

போர்க்குற்ற விசாரணை இன்னும் பல ஆண்டுகள் நடக்கும், நடக்க வேண்டும். அது முடியும்வரை காணியும் குடியுரிமையும் காத்திருக்கட்டும் என்பவர்கள், காத்திருப்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். மல்லாகத்து முகாமிலும் நுவரெலியாவின் லயத்திலும் மண்டபத்திலும் இன்று காத்திருப்பவர்கள் போருக்கு முன்னும் காத்திருந்தவர்களே.